உன் அறையில் ஓடிய எண்

மகனே,

கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் உன் எண் ஓடவில்லை. உன் அறையிலிருந்த கணினியை நானேதான் நிறுத்தினேன். மின்தடையோ பழுதோ காரணமில்லை, வேறு யாருடைய கையும் அதில் படவில்லை. நீ இருக்கும் ஊரில் காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் முதலில் பார்ப்பது நம் வீட்டுக் கணினி ஓடுகிறதா என்பதைத்தான் என்று எனக்குத் தெரியும். பச்சைப் புள்ளி தெரிந்தால் வீட்டில் மின்சாரம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, அப்பா அறையைத் திறந்து தூசி துடைத்திருக்கிறார், ஆகவே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு செய்துகொள்வாய். இப்போது அந்தப் புள்ளி சாம்பல் நிறமாகியிருக்கும். என்ன ஆயிற்று என்று கேட்டு நீ அனுப்பிய செய்திக்கு, "பிறகு எழுதுகிறேன்" என்று மட்டும் பதில் அனுப்பினேன். அப்போது எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவின் வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில், உன்னைப் போலவே ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் நடந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களும் படிக்கும்படி இது பொதுவில் இருக்கட்டும் என்று தோன்றியது. உன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க. ஊரு வேணா போட்டுக்குங்க, ஊரு எங்க ஓடிடப் போகுது" என்றாள். ஆகவே இதில் யாருடைய பெயரும் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தும் ஐம்பது வயதுக்காரன் ஒருவன் தன் மகனுக்கு எழுதுகிறான் என்பது மற்றவர்களுக்குப் போதும்.

மற்றவர்களும் படிப்பதால் உன் எண் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் இருநூற்று ஐம்பத்தாறு. இப்படி வந்த விடையை அதே விடையால் பெருக்கிக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் கிடைக்கும் 5, 17, 257, 65537 ஆகியவை எல்லாம் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இந்த வழியில் பிறக்கும் எண்கள் யாவும் இப்படித்தான் இருக்கும் என்று பல தலைமுறைகளுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒரு பெரிய கணிதர் நம்பினார். அடுத்த எண்ணே அவர் நம்பிக்கையைக் கெடுத்தது. 4294967297 என்பது 641 ஆல் மீதியின்றி வகுபடும். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. நன்றாகத் தொடங்குவது நன்றாகவே தொடரும் என்பதற்குக் கணிதத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை என்று என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த வரிசையைக் காட்டித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

நீ எடுத்துக்கொண்டது இருபது முறை பெருக்கி ஒன்று கூட்டிய எண். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்; கடைசி இலக்கம் ஏழு. அது பகு எண் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட உலகில் எவரும் இதுவரை கண்டதில்லை. உன் அறைக் கணினி தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். இது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் எளிது. மூன்றை ஒரு குறிப்பிட்ட படிக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுத்தால், அது பகா எண்ணாக இருக்கும் பட்சத்தில் இன்ன மீதிதான் வரவேண்டும் என்று ஒரு விதி உண்டு. வகுத்துப் பார்த்தார்கள், அந்த மீதி வரவில்லை. ஆகவே பகு எண். எதனால் வகுபடும் என்று கேட்டால் அந்தச் சோதனையிடம் பதில் இல்லை. இதை நீ ஒரு நாள் எனக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்டாள். "உடையும்னு தெரியும், எங்க உடையும்னு தெரியாதாக்கும்?" என்றாள். நீ தலையாட்டினாய். "இதுக்கா இவ்வளவு படிப்பு. காலையில வயல்ல வெச்ச தண்ணி சாயங்காலம் நிக்கலன்னா வரப்புல நண்டு வளை இருக்குன்னு அர்த்தம். வளை எங்கன்னு எவன் கண்டான்?" கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். "திரும்பத் தண்ணி வெக்கிறதுதான். அறுக்கிற வரைக்கும் வெச்சுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு உன் எண்ணின்மீது எந்த மரியாதையும் இருந்ததில்லை. உன் கணினியின்மீது இருந்தது. இரவும் பகலும் ஓடியதால் அந்த அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஐப்பசி மழையில் துணி காயாத நாட்களில் உன் சட்டைகளை அங்கே கொடி கட்டிக் காயவைத்தாள். பிறகு துணிகளோடு மோர்மிளகாய்த் தட்டும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்த உன் நண்பன் அறையைத் திறந்ததும் தும்மியதும், "உலகத்துல இந்த எண்ணை உடைக்கிற எல்லா மிஷின்லயும் மோர்மிளகாய் வாசம் வர்றது இது ஒண்ணுலதாண்டா இருக்கும்" என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். புயலடித்து மின்கம்பங்கள் சாய்ந்த வாரத்தில் ஊரே இருட்டில் கிடந்தபோது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவை கெட்டுப்போவதைப் பற்றி நாங்கள் கவலைப்பட, நீ எண் எந்த இடத்தில் நின்றதோ என்று கவலைப்பட்டாய். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அது தானே தொடர்ந்தது. நீ வெளிநாடு போன பிறகும் அதை ஓடவிடும் பொறுப்பை நான் ஏற்றேன். விதிகளை எழுதித் தந்திருந்தாய். ஒன்றையும் நான் மீறியதில்லை.

அந்த ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் வெற்றி வந்தது. நீ எழுதிய நிரல் திரையில் ஒரு காரணியைக் காட்டியது. நீ கூடத்துக்கு ஓடிவந்து என்னையும் அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்று நம் வீட்டுத் திரையில் இருந்தது. அம்மாவுக்குப் புரிந்தது உன் முகம் மட்டும்தான். அது போதுமானதாக இருந்ததால் போய்ச் சேமியா பாயசம் வைத்தாள். நான் என் வழக்கப்படி உட்கார்ந்து சரிபார்த்தேன். உன் எண்ணுக்கு எந்தக் காரணி இருந்தாலும் அதை 4194304 ஆல் வகுத்தால் ஒன்றுதான் மீதி வரவேண்டும். திரையில் இருந்த எண்ணை வகுத்தேன், ஒன்று வரவில்லை. நீ நேரடியாகவே வகுத்துப் பார்த்தாய், பூச்சியமும் வரவில்லை. சித்திரை வெயிலில் கணினி சூடேறி நினைவகத்தில் பிழை நேர்ந்திருந்தது. நீ பாயசத்தைத் தொடவில்லை. "எண்ணு பொய்யா இருந்தா பாயசமுமா பொய்?" என்று அம்மா கேட்டாள். காரணி என்று சொல்லப்பட்ட ஒன்றைச் சரிபார்ப்பது எளிது, கண்டுபிடிப்பதுதான் கடினம் என்று அன்று நான் உனக்குச் சொன்னேன். எண்களைப் பொறுத்தவரை அது உண்மை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவின் கால்கள் வீங்கின. சம்பா நடவுக்காகக் கீழ்வேளூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போய், குத்தகை நிலத்தில் ஆள் விட்டு நட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். சேற்றில் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் பொறுமையானவர். "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு சார். சுகர் இல்ல, கல்லும் இல்ல. இந்த நிலைமையில ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாத்தாலும் வெறும் தழும்புதான் தெரியும், எதனால வந்துச்சுன்னு தெரியாது. ரத்தம் கசியற ஆபத்து வேற" என்றார். நான் கணிதம் படித்தவன். எனக்கு அந்த வாக்கியம் உடனே புரிந்தது. சோதனை முடிந்துவிட்டது, உறுப்பு கெட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை, எதனால் என்று அந்தச் சோதனை சொல்லாது. உன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று நீ சொன்னாய். அவளுடைய இதயம் அந்த அறுவையைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாசலும் அடைபட்ட பிறகு உனக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் நீ காரணத்தைத் தேடத் தொடங்கினாய் என்று நினைக்கிறேன். கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

உன்னோடு சேர்ந்து நானும் தேடினேன். அவள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். அவள் சிறுமியாக நடவுக்குப் போன காலத்தில் வயலில் என்ன பூச்சிமருந்து அடித்தார்கள் என்று அவள் அண்ணனைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்தார்கள் மாப்பிள்ளை, படிக்கத் தெரிந்தவன் யார் இருந்தான் என்றார். பள்ளிக்கே போகாமல் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் இருவரும்; எங்கள் இளமைக்கு மருத்துவ அளவுகள் எதுவும் கிடையாது. நீ அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு என்ன காரணம், எதிர்ப் படுக்கைக்காரருக்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாக விசாரித்து வந்து இவளுக்கும் அதுவாக இருக்குமா என்று கேட்டாய். உன் எண் பிறந்த வரிசைக்கு ஒரு பண்பு உண்டு. நீதான் எனக்கு நிறுவிக் காட்டினாய். அதில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒன்றை உடைத்தது இன்னொன்றை ஒருபோதும் உடைக்காது. ஒரே வழியில் பிறந்து ஒரே சாயலில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் காரணியைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. அந்த வார்டில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது. உனக்கு வரவில்லை, அல்லது வந்தும் நீ நம்ப மறுத்தாய்.

போன சித்திரையில் விடுப்பில் வந்தாய். வந்த மறுநாளே சாப்பாட்டு மேசையில் அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினாய். கடுமையாகக் கேட்டாய் என்று சொல்லமாட்டேன்; ஒழுங்காகக் கேட்டாய், நான் வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல. எந்த வயதில் எந்தக் குளத்துத் தண்ணீர், எந்தக் காய்ச்சலுக்கு என்ன ஊசி, நாட்டு மருந்து ஏதாவது உண்டா, எப்போதாவது பாம்பு கடித்ததா. அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது தவறு செய்தவள்போல என்னைப் பார்த்தாள். பல நாட்கள் அப்படிப் போனது. ஒரு மாலை நீ புதிதாக ஒன்றைக் கேட்டாய். நீ வயிற்றில் இருந்தபோது அவளுக்குக் கால் வீங்கியதா, இரத்த அழுத்தம் ஏறியதா என்று. அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. எனக்கு இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன். வருஷக்கணக்காப் போட்டேன். அப்பாவுக்குத் தெரியாது" என்றாள்.

உன் முகத்தை நான் பார்த்தேன். பாயசம் வைத்த நாளில் பார்த்த அதே முகம், கொஞ்ச நேரந்தான். பிறகு கோபம் வந்தது. "படிச்ச மனுஷன் ஒருத்தர் வீட்ல இருக்கும்போதே இப்படிப் பண்ணியிருக்கியேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாய். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேள்விகள் அன்றோடு நின்றன. நீ நன்றாகத் தூங்கினாய், நன்றாகச் சாப்பிட்டாய், விடுப்பு முடிந்து போனாய். அதன்பிறகு தொலைபேசியில் என்னோடுதான் பேசுகிறாய். அவளிடம் கொடுத்தால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று இரண்டு கேள்விகளோடு முடிகிறது. மாத்திரை என்ற சொல்லை நீ சாதாரணமாகத்தான் சொல்கிறாய். அவள் காதில் அது சாதாரணமாக விழுவதில்லை. பிறகு அந்த இரண்டு கேள்விகளும் குறைந்து, பச்சைப் புள்ளி மட்டும் மிஞ்சியது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவின் வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருந்து திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, மறுபடியும் புதிதாக விடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். இனி அதை வீட்டிலேயே செய்துகொள்வதற்கு அடைத்த சன்னல்களும் கைகழுவும் தொட்டியும் உள்ள, தூசியில்லாத ஓர் அறை வேண்டும் என்று செவிலியர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். நம் வீட்டில் அப்படிப்பட்டது உன் அறை மட்டுந்தான். கணினியை நிறுத்தி, கூடத்து மூலைக்கு மாற்றி, மாலைக்குள் மறுபடியும் ஓடவிட்டுவிடலாம் என்பதே என் திட்டம். மேசையைத் துடைத்தேன், சுவரைத் துடைத்தேன். முதல் பையை மாட்டியாயிற்று. திரவம் இறங்கும்வரை மின்விசிறி போடக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் முகமூடி கட்டிக்கொண்டு இருவரும் வியர்த்து உட்கார்ந்திருந்தோம். "சத்தமில்லாம அறை என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பையைப் பார்த்துவிட்டு, "அந்த மாத்திரை விஷயம், நான் அப்படியெல்லாம் ஒண்ணும் போட்டதில்லங்க" என்றாள்.

பிறகு ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்கு அவசரமில்லை, திரவம் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதாவது வலி தாங்காமல் ஒன்றிரண்டு போட்டிருப்பாள், எல்லாரையும்போல. வருடக்கணக்கு என்பதெல்லாம் அந்த மாலையில் அவள் உண்டாக்கியது. "அவன் தண்ணியக் கேட்டான், மருந்தக் கேட்டான், சொன்னேன். அப்புறம் அவன் பொறந்ததக் கேக்க ஆரம்பிச்சுட்டான். அவன் வயித்துல இருக்கையில எனக்குக் கால் வீங்குனது உங்களுக்கும் தெரியும்ல. அதைச் சொன்னா அங்கேயே நின்னுடுவான். அந்தப் பிள்ளை அதை வெச்சுக்கிட்டு எப்படிங்க வாழும்? அதான் கையில அகப்பட்ட ஒண்ணச் சொன்னேன். ஏதாச்சும் ஒண்ணு கிடைச்சா விட்டுடுவான்னு தெரியும். விட்டுட்டான்ல." முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன, அவற்றில் ஏறக்குறைய வெற்றி இருந்தது. நீ அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போனதை அவள் ஒரு விலையாகவே கருதவில்லை.

இதை உன்னிடம் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். மாத்திரை பொய் என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்கலாம் என்பது முதல் யோசனை. அது நிற்காது. உன் கையிலிருக்கும் விடையை நான் பறித்துவிட்டால் நீ விட்ட இடத்துக்குத்தான் திரும்பிப் போவாய். விட்ட இடம் அந்தக் கேள்வி. அங்கே உன்னைத் தனியாக விட எனக்கு மனமில்லை. பொய்யை அப்படியே விட்டுவிடலாம் என்பது இரண்டாவது யோசனை. அப்படி விட்டால், செய்யாத பிழைக்கு மகனிடம் தலைகுனிந்தபடியே அவள் போய்விடுவாள்; நீயும் அவளை மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வாழ்வாய். ஆகவே மருத்துவரிடம் போய், உன்னைச் சுமந்தபோது வந்த வீக்கம் இதற்குக் காரணமாக இருக்குமா என்று நேராகவே கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் சார். அந்தக் காலத்து அளவு ஒண்ணும் கையில இல்லாம நான் என்னன்னு சொல்றது? மத்த எல்லாத்துக்கும் இதே பதில்தான்" என்றார். அவர் சொன்னதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். உன் பிறப்பு காரணம் என்று யாரும் நிறுவவில்லை. காரணமில்லை என்றும் யாரும் நிறுவ முடியாது. கிணற்றுத் தண்ணீருக்கும், பூச்சிமருந்துக்கும், அவள் சொன்ன மாத்திரைக்குமே நிலை அதுதான். நான் கிளம்பும்போது அவர், வரவேண்டியவர்கள் இருந்தால் அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே வரச் சொல்லுங்கள் என்றார். நான் விளக்கம் கேட்கவில்லை.

உன் எண்ணுக்காவது விடை உண்டு. அதன் காரணிகள் எங்கோ ஓரிடத்தில் அசையாமல் இருக்கின்றன. நீ இல்லாவிட்டாலும், நாம் எல்லாருமே இல்லாமல் போனாலும், யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் காண்பார். எண் அதுவரை ஓர் இலக்கமும் மாறாமல் காத்திருக்கும். அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. சோதிக்க வேண்டியது எதுவோ அதுவே நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கிறது. காரணம் கிடைக்காது, மகனே. கிடைத்தாலும் அது எதையும் திருப்பித் தராது. ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒழுங்கான விடை வரும் என்று நான் உன்னை வளர்த்தேன்; உன் பள்ளி நாட்களில் அது உனக்கு உதவியது, இந்த வீட்டில் உதவவில்லை. உனக்குச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அறிவுரை சிறியது. வரும்போது கேள்வி எதையும் கொண்டு வராதே. அவள் எதிரில் உட்காராதே, பக்கத்தில் உட்கார். அவள் மோர்மிளகாய் பற்றிப் பேசினால் மோர்மிளகாய் பற்றியே பேசு. இதனால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நான் சொல்லவில்லை, எதனாலும் பிழைக்கமாட்டாள்.

இதுவரை எழுதியதை இன்று காலை, பை மாட்டியிருந்த நேரத்தில், அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறப்பைப் பற்றிய இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். "அதையும் எழுதிட்டீங்களா" என்றாள். எழுத வேண்டியிருந்தது என்றேன். "தூங்கமாட்டான்" என்றாள். திரவம் முழுவதும் இறங்கிய பிறகு, "எழுதுனது எழுதிட்டீங்க. அவன் பொறந்தன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னும் சேத்து எழுதுங்க" என்றாள். சேர்த்து எழுதுகிறேன். கால்கள் தூண்போல வீங்கி, முகம் வீங்கி, கண்கள் இடுங்கிப்போய்ப் படுத்திருந்தாள். உன்னைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டார்கள். நான் கவலையோடு அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காலை என்னத்தப் பாக்குறீங்க, இவனப் பாருங்க" என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். கணினியைக் கூடத்தில் வைத்து மறுபடியும் ஓடவிடக் கூடாதா என்றாள். "அது ஓடுனா நான் நல்லா இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்ல. நிம்மதியா இருப்பான்." கூடத்தில் இடமிருக்கிறது, மின்இணைப்பும் இருக்கிறது, அரை மணி நேர வேலை. நான் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் இருந்தாலும் அது ஓடும். இல்லாவிட்டாலும் அதே பச்சைப் புள்ளியோடு ஓடும். எண்ணைப் பார்த்து அம்மாவைத் தெரிந்துகொள்ளும் வழியை நான் அடைத்துவிட்டேன். இனி நீ அவளைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கை கழுவி முகமூடி கட்டிக்கொண்ட பிறகு அவள் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் எடுக்கமாட்டாள். எடுக்காவிட்டால் பை மாட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிடு. அப்படி நினைத்துக்கொள்ளக்கூடிய நாட்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன.

அப்பா